வாய்க்கால் வழியே ஒரு செலவு



பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ என்னும் கவிதைத் தலைப்பைக் கரும்பலகையில் எழுதியபோது, “எவ்வளவு செலவானது, சேர்?” என்று ஒரு மாணவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. செலவு என்பது இங்கே பயணம் என்று விளக்கினேன். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் போகாது தயங்குவதைச் ‘செலவழுங்கல்’ என்று அகத்திணை கூறும் என்றும் சொன்னேன். ஆயினும் அவனுடைய கேள்வி என்னை விட்டகலவில்லை.

1934ஆம் ஆண்டு கவிஞரும் நண்பர்களும் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குத் தோணியிற் சென்றார்கள். அவர்கள் சென்ற நீர்வழி பக்கிங்காம் கால்வாய். சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையிலான அதன் முதற்பகுதி 1806இல் அமைந்தது. பின்னர் வடக்கும் தெற்கும் நீண்டு, பெத்தகஞ்சம் முதல் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீற்றராயிற்று. விறகும் உப்பும் நெல்லும் அதன்வழி நகருக்கு வந்தன.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1876–78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்த காலம் அது. 1877இன் தொடக்கத்தில் சேர் றிச்சர்ட் ரெம்பிள் விதித்த நிவாரணக் கூலி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் ஓர் அணாவுமே. வேலை முடிந்தபின், ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது.

நமக்கும் இது புதிதன்று. உப்பேற்றும் மரக்கலங்கள் வந்துபோகத் தொண்டைமான் வெட்டுவித்ததே தொண்டைமானாறு என்று யாழ்ப்பாண வைபவமாலை சொல்கிறது. வெட்டுவித்தவன் பெயர் ஊர்ப்பெயராக நிலைத்தது. மண் சுமந்தவர் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை.

இங்கிலாந்தில் 1761இல் திறந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாயில் நிலக்கரிப் படகுகளைக் குதிரைகள் இழுத்தன. அத்தகைய கால்வாய்களிலே இன்று விடுமுறைக்காரர் இயந்திரப் படகிற் செல்கின்றனர். குதிரை நடந்த கரைவழியிலே உலாவுகின்றனர். பக்கிங்காம் கால்வாயின் கரையிலோ குதிரையின் இடத்தில் மனிதனே கயிறு பிடித்து நடந்தான்.

பாரதிதாசன் அந்த மனிதனைக் கண்டார். வாய்க்காலின் எழிலைப் பாடிய கவிதையிலேயே, தோணியை இழுத்துச் செல்லும் உழைப்பாளிக்கும் இடமளித்தார். உல்லாசப் பயணப் பாட்டு வேறொன்றாவது அவ்விடத்தில்தான்.

1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. சென்னை நகருக்குள் அதன் படுகையிலே இன்று பறக்கும் இரயிலின் தூண்கள் நிற்கின்றன. தோணியும் இல்லை, கயிறும் இல்லை. அந்த மனிதன் கவிதையிலே மட்டும் இன்னமும் நடந்துகொண்டிருக்கிறான்.

மறுநாள் அந்த மாணவனிடம் சொன்னேன்: “தம்பி, நீ கேட்டது சரியான கேள்விதான். சிலர் போன செலவுக்கு வேறு சிலர் செலவானார்கள். அந்தக் கணக்கை வரலாறு எழுத மறந்தது, கவிஞர் எழுதிவைத்தார்.”

இந்தமுறை வகுப்பு சிரிக்கவில்லை.