சர்ச்சுக்குப் போக முடியாத ஞாயிறுகளா? பிரசங்கம், பைபிள், பழைய நூல்கள்... போனிலேயே சரியாகத் தேடுவது எப்படி?

காசிமேட்டில் வாரத்திலேயே கூட்டம் அதிகமாக இருக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமைதான். மீன் வியாபாரத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு ஆராதனை நேரமும் ஏல நேரமும் ஒன்றாக வந்து நிற்கும். எண்ணூர், மணலி பக்கம் தொழிற்சாலை வேலை என்றால் ஷிஃப்ட்தான் ஞாயிற்றுக்கிழமையைத் தீர்மானிக்கும். துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுபவர்களுக்குக் கேட்கவே வேண்டாம், வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது.

இப்படி ஆலயத்துக்குப் போக முடியாத வாரங்களில் கைகொடுப்பது போன்தான். ஆனால், யூடியூபில் 'கிறிஸ்தவ செய்தி' என்று தட்டினால் நல்ல போதனை, வெறும் மிரட்டல், வசூல் எல்லாம் கலந்துதான் வரும். அதில் உங்களுக்குத் தேவையானதை மட்டும் எடுப்பது எப்படி? பார்க்கலாம்.

தேடும் வார்த்தையே பாதி வேலையை முடிக்கும்

தமிழில் ஒவ்வொரு சபைப் பிரிவுக்கும் தனி வழக்கு இருக்கிறது. கத்தோலிக்கர்கள் 'மறையுரை', 'திருப்பலி', 'நற்செய்தி' என்பார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் 'பிரசங்கம்', 'அருளுரை', 'சுவிசேஷம்' என்ற வார்த்தைகள் அதிகம். பெந்தெகொஸ்தே சபைகளில் 'தேவ செய்தி'. நீங்கள் வளர்ந்த வழக்கிலேயே தேடினால், உங்களுக்குப் பழகிய போதனை சீக்கிரம் கிடைக்கும்.

பொதுவாகத் தேடாமல் அதிகாரத்தின் பெயரோடு தேடுவது இன்னும் நல்லது. 'ஆசீர்வாத செய்தி' என்று தேடாமல், 'ரோமர் 8 விளக்கம்', 'யோபு புத்தகம் பிரசங்கம்' என்று டைப் பண்ணிப் பாருங்கள். பரபரப்புத் தலைப்புகள் குறைந்து, வேதத்தை வரிசையாக விளக்கும் வீடியோக்கள் மேலே வரும்.

எதில் தொடங்கலாம்?

* கத்தோலிக்கர்களுக்கு: சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தின் மாதா தொலைக்காட்சி, வத்திக்கான் நியூஸின் தமிழ்ப் பக்கம். திருத்தந்தையின் உரைகளைத் தமிழிலேயே படிக்கலாம்.

* சி.எஸ்.ஐ. போன்ற சபைகளுக்கு: முதலில் உங்கள் சொந்த ஆலயத்துக்கு யூடியூப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கொரோனா ஊரடங்கில் நேரலை தொடங்கிய பல ஆலயங்கள் இன்னும் அதை விடவில்லை. தெரிந்த போதகரின் குரலில் கேட்பதே தனி ஆறுதல்தானே!

* பைபிளை முழுசாகப் படிக்க ஆசைப்படுபவர்களுக்கு: 'த்ரூ த பைபிள்' என்ற ஒலித்தொடர் தமிழிலும் இருக்கிறது. முழு வேதாகமத்தையும் 5 ஆண்டுகளில் முடிக்கும் திட்டம் அது. அவசரமே இல்லாமல் கேட்கலாம்.

எந்த பைபிள்?

2008-ல் வந்த யூவெர்ஷன் ஆப் இலவசம். அதில் தமிழ் மொழிபெயர்ப்புகள் பல இருக்கின்றன. நம் வீடுகளில் கறுப்பு அட்டையோடு இருக்கும் 'பழைய மொழிபெயர்ப்பு', 1871-ல் ஹென்றி பவர் தலைமையிலான குழு முடித்தது. அந்த நடை கடினமாகத் தெரிந்தால் 'எளிதில் வாசிக்கக்கூடிய' பதிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் படிக்கலாம்.

கத்தோலிக்கர்கள் பயன்படுத்துவது 1995-ல் வந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு. அவர்கள் பைபிளில் 73 நூல்கள், மற்றவர்களுடையதில் 66. ஆப்பில் தோபித்து, மக்கபேயர் போன்ற நூல்களைக் காணோமே என்று குழம்ப வேண்டாம். நீங்கள் திறந்திருப்பது எந்தப் பதிப்பு என்று பாருங்கள்.

படிக்க நேரமில்லையா? 'பைபிள் டாட் ஈஸ்' ஆப்பில் தமிழ் பைபிளைக் கேட்கலாம். கடலுக்குப் போகிறவர்களும் ரயிலில் சிக்னல் போய்ப் போய் வரும் கும்மிடிப்பூண்டி லைன் பயணிகளும் வைஃபை இருக்கும்போதே டவுன்லோடு பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். திரையை அணைத்தால் யூடியூப் நின்றுவிடும், சந்தா கட்டினால்தான் தொடர்ந்து ஓடும். ஸ்பாட்டிஃபையில் பாட்காஸ்ட்டாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

இலவசப் புத்தகங்கள்... எது சரி, எது திருட்டு?

வாட்ஸ்அப்பில் வரும் பி.டி.எஃப். எல்லாம் இலவசப் புத்தகம் கிடையாது. நம் நாட்டுச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் ஆன பிறகுதான் நூல் பொதுச்சொத்து ஆகும். அப்படிப் பார்த்தாலே தமிழில் ஒரு பொக்கிஷம் காத்திருக்கிறது.

வீரமாமுனிவரின் 'தேம்பாவணி', இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைப் பற்றிய 3,615 பாடல்கள். எச்.ஏ.கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-ல் வந்தது. ஜான் பன்யன் 1678-ல் எழுதிய ஆங்கில நூலைத் தழுவி, காப்பிய நடையில் எழுதப்பட்டது. 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தின் தளத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் இதுபோன்ற பழைய நூல்களைத் தேடலாம். ஆங்கிலம் பரவாயில்லை என்பவர்களுக்கு 1993-ல் தொடங்கிய 'சி.சி.இ.எல்.' தளம். அகஸ்டினார் முதல் ஸ்பர்ஜன் வரை அங்கே உண்டு.

கையில் பிடித்துப் படிக்க வேண்டும் என்றால், ராயபுரத்திலிருந்து பார்க் டவுன் பக்கம்தான். 1858-ல் தொடங்கிய கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் அங்கேதான் இருக்கிறது.

நம்புவதற்கு முன் நான்கு கேள்விகள்

1. வசனத்தை முழுசாகப் படிக்கிறாரா? பாதி வசனத்தை வைத்து ஒரு மணி நேரம் பேசுகிறார் என்றால், பைபிளைத் திறந்து முன்னும் பின்னும் படியுங்கள். பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரேயா ஊர்க்காரர்களை, அப்போஸ்தலர் 17-ம் அதிகாரம் பாராட்டத்தான் செய்கிறது. கேள்வி கேட்பது அவிசுவாசம் இல்லை.

2. மாத்திரையை நிறுத்தச் சொல்கிறாரா? சர்க்கரை, வலிப்பு, காசநோய், மனநலம்... எதற்கான மருந்தாக இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஜெபமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று எதிரி கிடையாது.

3. பயமுறுத்திப் பணம் கேட்கிறாரா? 'இன்றைக்கே அனுப்பாவிட்டால் சாபம்' என்றால் வீடியோவை மூடிவிடுங்கள். பிரபல ஊழியர்களின் படத்தை வைத்துப் போலிக் கணக்குகளும் வரலாம். 'உங்களுக்கு உதவித்தொகை வந்திருக்கு, பின் நம்பர் போடுங்க' என்றால் அது மோசடியேதான். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு போன் பண்ணுங்கள்.

4. யாருக்குப் பொறுப்பானவர்? எந்தச் சபை, எந்த ஊர், யார் அவரைக் கேள்வி கேட்க முடியும் என்பது தெரிய வேண்டும்.

கடைசியாக ஒன்று. தினமும் 10 நிமிடம் கேட்டு, ஒரு வரி நோட்டில் எழுதினாலே போதும். பத்து வீடியோவை அடுத்தடுத்து ஓடவிட்டால் மனதில் எதுவும் நிற்காது. அதோடு, வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி வார்டு வரை வந்து பக்கத்தில் உட்கார எந்த யூடியூப் சேனலாலும் முடியாது. தெருவில் கூடும் ஜெபக்குழுவோ, பங்கின் அன்பியமோ, வார நாள் மாலைக் கூட்டமோ, உங்கள் ஷிஃப்டுக்குப் பொருந்துவது எது என்று ஆலயத்தில் கேட்டு வையுங்கள். போனில் கேட்டதைப் பற்றிப் பேசவும் நாலு பேர் வேண்டுமே!