மெரினாவுக்கு அப்பால்: குடும்பத்துடன் செல்ல சில கடற்கரைகள்

பெருநாள் மாலையில் சென்னை மெரினாவுக்குப் போய் வந்தவர்களுக்கு நாம் எதுவும் விளக்கத் தேவையில்லை. வண்டி நிறுத்த ஒரு மணி நேரம், கூட்டத்தில் பிள்ளையைத் தேட அரை மணி நேரம். பெண்கள் நிம்மதியாக உட்கார ஓர் இடம் கிடைக்காது. ஆகவே நம் குடும்பங்கள் கூட்டம் குறைந்த கடற்கரைகளை நாடத் தொடங்கியிருப்பது நல்லதுதான். ஆனால் கூட்டம் இல்லாத கரையில் காவலுக்கும் ஆள் இருப்பதில்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கோவளம். ஆர்க்காட்டு நவாப் காலத்துத் துறைமுகம் இது. பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன இதன் கோட்டையை 1752இல் ராபர்ட் கிளைவ் பிடித்தார். நபித்தோழர் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் அடக்கமாகியிருப்பதாக மக்கள் நம்பும் தர்கா இங்குதான் உள்ளது. அதன் வரலாற்றுச் சான்று பற்றிய விவாதத்துக்குள் நாம் போகவில்லை. தர்காவுக்கு வரும் பலர் அப்படியே திரும்பிவிடுகிறார்கள், கடற்கரையைப் பார்ப்பதே இல்லை. 2021இல் இக்கரையின் ஒரு பகுதிக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. கழிப்பறை, உடை மாற்றும் அறை, உயிர்காக்கும் பணியாளர் ஆகியவை அந்த எல்லைக்குள் உண்டு. சிறு பிள்ளைகள் இருந்தால் அங்கேயே இருந்துவிடுங்கள். வழியில் முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை இருக்கிறது. உயிர்காப்பு உடை அணியாமல் ஏற வேண்டாம்.

பாலவாக்கம், நீலாங்கரை கரைகள் நகரத்துக்கு அருகிலேயே இருந்தும் அமைதியானவை. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இங்கு முட்டையிட வரும். மாணவர் அமைப்பொன்று வார இறுதி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறது. பொதுமக்களும் உடன் நடக்கலாம். வளர்ந்த பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

இனி தொழுகை விஷயம். மணல் சுத்தமாக இருந்தால் விரிப்பு இல்லாமலும் தொழலாம், கடல் நீரில் உளூவும் செய்யலாம். கோவளம் வரை வந்ததற்காகத் தொழுகையைச் சுருக்க வேண்டாம். ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் கஸ்ருக்குரிய தூரம் இதைவிட அதிகம். கிப்லா பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நமது கரை கிழக்குக் கரை. கடலுக்கு முதுகு காட்டி, சற்று வலப்புறம் திரும்பினால் கிப்லா. அதாவது அஸருக்குத் தக்பீர் கட்டும்போது பெரியவர்கள் அத்தனை பேரின் முதுகும் கடலை நோக்கியிருக்கும், பிள்ளைகளோ தண்ணீரில் இருப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் பெருநாளுக்கு மறுநாள் இப்படித்தான் நடந்தது. நாமே இமாமாக நின்றோம். ஸலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தால், முழங்கால் அளவு தண்ணீரில் விட்டுவந்த தங்கை மகன் கழுத்தளவில் நிற்கிறான். வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர் நமக்கு முன்பே ஓடி அவனைத் தூக்கிவிட்டார். "கடலுக்கு முதுகு காட்டாதீங்க பாய், புள்ளைங்களை வெச்சுக்கிட்டு" என்று மட்டும் சொன்னார். பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

அன்று முதல் நம் வீட்டில் கடற்கரையில் இரண்டு ஜமாஅத். ஒரு பிரிவு தொழும்போது மற்றது பிள்ளைகளைப் பார்க்கும். போர்க்களத்தில் அச்சநேரத் தொழுகையைக்கூட ஒரு பிரிவு காவல் நிற்க மறு பிரிவு தொழும்படி குர்ஆன் கற்றுத்தருகிறது. நீரில் மூழ்குபவரைக் காப்பாற்றத் தொழுகையை முறிப்பது, அதற்கு ஆற்றல் உள்ளவருக்குக் கடமை என்று ஃபிக்ஹ் நூல்கள் சொல்கின்றன. மதரஸாவில் இதைப் பாடமாகப் படித்தவர்கள்தாம் நாம்.

கடல் எப்படி இழுக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். அலைகள் கரைக்குக் கொண்டுவரும் நீர் எங்காவது ஒரு குறுகிய வழியாகத் திரும்பிப் போக வேண்டும். அந்த இடத்தில் பெரும்பாலும் அலை உடைவதில்லை, ஆகவே பார்ப்பதற்கு அமைதியாகத் தெரியும். விவரம் தெரியாதவர்கள் அங்கேதான் இறங்குகிறார்கள். இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, பிறகு திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாதவர் நீரில் நிற்க நேர்ந்தால் கணுக்கால் அளவே போதும். காப்பாற்றப் போகிறவருக்கும் ஆபத்து உண்டு. பெசன்ட் நகர் கடற்கரையில் உள்ள ஷ்மிட் நினைவுச் சின்னம், 1930 டிசம்பர் 30 அன்று பிறர் உயிரைக் காக்க உதவி மூழ்கியவருக்காக எழுப்பப்பட்டது.

வடக்கே பழவேற்காடு. ஒரு நாள் முழுவதும் ஒதுக்கத் தகுந்த ஊர். பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பேருந்து. தங்கள் முன்னோர் அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லும் முஸ்லிம் குடும்பங்கள் இங்கு நெடுங்காலமாக வாழ்கின்றன. பள்ளிவாசல் ஒன்றில் தொழுகை நேரம் பார்க்கப் பயன்பட்ட சூரியக் கடிகாரம் இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டையில் இன்று மிச்சம் அதிகமில்லை. ஆனால் அவர்களது கல்லறைத் தோட்டமும், அதன் வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகளும் அப்படியே உள்ளன. பிள்ளைகள் அந்த வாயிலை விட்டு நகரமாட்டார்கள். குளிர்காலத்தில் ஏரிக்குப் பூநாரைகள் வரும். பாலத்தைத் தாண்டி கலங்கரை விளக்கத்துப் பக்கம் போனால் ஆளரவமற்ற கடற்கரை.

இந்த அழகான ஊரில்தான் 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து, விடுமுறைக்கு வந்த 22 பேர் மூழ்கி இறந்தார்கள். இன்றும் யாராவது "முகத்துவாரம் வரை ஒரு சுற்று போய் வரலாம்" என்று அழைக்கக்கூடும். பணம் குறைவாகக் கேட்டாலும் ஏற வேண்டாம். அந்த நேரத்தில் ஊருக்குள் நடந்து, இங்குள்ள முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் முடையும் பெட்டிகளைப் பாருங்கள். ஒன்றிரண்டு வாங்கினால் அவர்களுக்கும் உதவியாக இருக்கும். பொன்னேரிக்குத் திரும்பும் பேருந்து நேரத்தை வந்து இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.