ஓப்பீர்: ஒரு சொல்லின் சாட்சியம்

பத்திரிகைத் துறைக்கு வந்த புதிதில், சாலமோன் மன்னனின் கப்பல்கள் தமிழர் துறைமுகத்துக்கே வந்தன என்று அடித்துக் கூறிக் கட்டுரையொன்று எழுதினேன். அதைப் படித்த மூத்த உதவி ஆசிரியர், "தம்பி, இதற்குச் சாட்சி எத்தனை?" என்றார். "ஒரு சொல், ஐயா" என்றேன். கட்டுரை அச்சேறவில்லை. அன்று மனம் நொந்தேன். இன்று அவருக்கு நன்றி சொல்கிறேன்.

விவிலியத்தின் இராஜாக்கள் முதலாம் புத்தகம் 9ஆம் அதிகாரம், செங்கடலோரத்து எசியோன்கேபேரிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் ஓப்பீரிலிருந்து 420 தாலந்து பொன் கொண்டுவந்ததாகக் கூறுகிறது. அடுத்த அதிகாரத்தில் பொன், வெள்ளி, யானைத்தந்தம், குரங்குகளோடு 'துக்கீம்' வருகிறது. மயில் என்று மொழிபெயர்க்கப்படும் இந்த எபிரேயச் சொல்லே தமிழின் 'தோகை' என்றார் கால்டுவெல். இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற், 1859இல் வெளியான தமது நூலில் தர்ஷீஸ் என்பது நமது காலித் துறைமுகமே என்று வாதிட்டார். இவற்றை வாசித்த இளைஞனுக்குத் தலை கிறுகிறுக்காதா?

ஆனால், மூலத்தை நிதானமாகப் படித்தால் சிக்கல் புரியும். துக்கீம் வரும் வசனம் தர்ஷீஸ் கப்பல்களைச் சொல்கிறதே தவிர, ஓப்பீரைக் குறிப்பிடவில்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் குரங்கும் இல்லை, மயிலும் இல்லை. செதுக்கிய கற்களே உள்ளன. இன்றைய எபிரேயத்தில் 'துக்கி' என்றால் கிளி. ஆதியாகமம் 10ஆம் அதிகாரமோ ஓப்பீரை யொக்தானின் மக்களுள் ஒருவனாக, சேபாவுக்கும் ஆவிலாவுக்கும் நடுவில் நிறுத்துகிறது. அது அரேபியாவைச் சுட்டுகிறது. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு மட்டும் இந்தியப் பக்கம் கைகாட்டினார். 1568இல் பசிபிக் தீவுக்கூட்டமொன்றை அடைந்த ஸ்பானியரின் பயணத்தை ஒட்டி, அத்தீவுகளுக்குச் சாலமோன் தீவுகள் என்றே பெயர் நிலைத்தது. தேடியவர்கள் எல்லோரும் தாம் விரும்பிய இடத்திலேயே ஓப்பீரைக் கண்டார்கள்.

அப்படியாயின் ஓப்பீர் வெறும் கற்பனையா? அல்ல. 1946இல் டெல் அவிவின் வடபகுதியிலுள்ள டெல் கசிலேயில் மட்பாண்டத் துண்டொன்று கிடைத்தது. கி.மு. 8ஆம் நூற்றாண்டு எழுத்தில் 'ஓப்பீர் பொன்', '30 சேக்கல்' என்ற குறிப்பு அதில் உள்ளது. அது புராணமல்ல, சரக்குக் கணக்கு. யோபு புத்தகத்தில் 'ஓப்பீர்' என்ற பெயர் மாத்திரமே பொன் என்ற பொருளில் நிற்கிறது. சீன தேசத்தின் பெயர் நம் வாயில் 'சீனி' ஆனதுபோல, ஊர் மறைந்தது. சரக்கின் பெயர் நிலைத்தது.

தோகையும் துக்கியும் உறவாயிருக்கலாம். அந்த ஒப்புமை இன்றும் பொருட்படுத்தத்தக்கதே. சொல்லொன்று கடல் கடந்ததென்றால் வணிகம் நடந்தது என்று கொள்ளலாம். ஆனால், கப்பல் எந்தத் துறையில் நங்கூரமிட்டது என்பதை அச்சொல் சொல்லாது. தொன்மையில் நமக்குப் பங்குண்டு என்பதற்காக, இல்லாத சாட்சியைக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. பொய்ச்சாட்சி ஒன்று அகப்பட்டால், உண்மைச் சாட்சிகளையும் உலகம் நம்பாது.