பார்க்காமல் வாங்கியது

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சோஃபா இருக்கிறது. மூன்று பேர் உட்காரலாம், காப்பிக்கொட்டை நிறம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி, பருவத் தேர்வு விடைத்தாள் கட்டைத் திருத்தி முடித்துவிட்டு, பதினொரு மணிக்கு மேல் கைபேசியில் பார்த்து வாங்கினேன். விலை 58,000 ரூபாய், பன்னிரண்டு மாதத் தவணை. தலைப்பில் தோல் சோஃபா என்று போட்டிருந்தது. தொட்டுப் பார்க்கவில்லை, உட்கார்ந்து பார்க்கவில்லை, மோந்து பார்க்கவில்லை. துறையில் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "நேர்ல பார்க்காமலா? அதுவும் சோஃபாவையா?"

நேரில் பார்க்கத்தான் முதலில் போனேன். திருச்சியில் ஒரு பெரிய மரச்சாமான் கடை. வாசலில் நின்ற இளைஞர் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "சார் வரலையா மேடம்?" வரவில்லை என்றேன். கீழ்த்தளத்தில் துணி போட்ட சோஃபாக்களைக் காட்டினார். தோல் வைத்த சாமான்கள் மாடியில் இருந்தன. கேட்டதற்கு, "அது கொஞ்சம் ரேட் ஆகும் மேடம், சார் ஒரு தடவை வந்து பார்த்துட்டா முடிச்சிடலாம்" என்றார். மரியாதைக் குறைவாக ஒரு சொல் இல்லை. நாற்காலி போட்டுத் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

சார் என்று ஒருவர் எங்கள் வீட்டில் இல்லை. நானும் அம்மாவும்தான். இருபது வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன், வீட்டுக்கடன் என் பெயரில் ஓடுகிறது. இதையெல்லாம் ஒரு சோஃபாவின் விலை தெரிந்துகொள்வதற்காக அந்தப் பையனிடம் சொல்ல மனம் வரவில்லை. வந்துவிட்டேன். கைபேசி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. விலாசம் கேட்டது, பணம் கேட்டது, முடிந்தது.

பொருளைப் பார்க்காமல் வாங்குவதை ஏமாளித்தனம் என்று சொல்வார்கள். ஆனால் கடைக்குப் போவதே ஒரு பாடாக இருந்தவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கதை வேறு மாதிரி தெரியும். 1872இல் சிகாகோவில் ஆரன் மான்ட்கோமரி வார்ட் என்பவர் ஒற்றைத் தாளில் ஒரு விலைப்பட்டியலை அச்சிட்டு, பண்ணை வீடுகளுக்குத் தபாலில் பொருள் அனுப்பத் தொடங்கினார். பிறகு சியர்ஸ் நிறுவனம் வந்தது. 1896இல் அமெரிக்க அஞ்சல் துறை கிராமத்து வீடுகளுக்கே தபாலைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் பெருகியது. தையல் இயந்திரம், அடுப்பு, மேசை, நாற்காலி எல்லாம் படத்தைப் பார்த்தே வாங்கினார்கள்.

நிறவெறிச் சட்டங்கள் நடந்த தென்மாநிலங்களில் இதற்கு இன்னொரு பொருள் இருந்தது. அங்கே ஊர்க்கடைக்குப் போகும் கறுப்பினப் பெண், கடையிலிருக்கும் வெள்ளையர் எல்லோரும் வாங்கி முடிக்கும்வரை நிற்க வேண்டும். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதுதான் சரக்கு, சொல்வதுதான் விலை. கடன் கணக்கும் அவர் கையில். அச்சடித்த பட்டியலிலோ எல்லோருக்கும் ஒரே விலை. வரலாற்றாசிரியர் லூயிஸ் ஹைமன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பல ஊர்களில் கடைக்காரரே அஞ்சல் அலுவலகத்தையும் நடத்தினார் என்பதால், கடிதத்தையும் பணத்தையும் நேரே தபால்காரர் கையில் கொடுத்துவிடுங்கள் என்று பட்டியலே வழி சொன்னதாம். உள்ளூர் வியாபாரிகள் அந்தப் பட்டியல்களைக் குவித்துக் கொளுத்தியதும் நடந்திருக்கிறது. வாங்குபவரின் முகம் தெரியாத வியாபாரம், முகத்தைப் பார்த்து விலை சொன்னவர்களுக்கு எரிச்சலாகத்தானே இருக்கும்.

நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தது வி.பி.பி. இந்திய அஞ்சல் துறை 1877இல் தொடங்கிய ஏற்பாடு. பொருள் வீடு தேடி வரும், தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ஆய்வுக்காகப் பழைய பத்திரிகைகளைப் புரட்டிய நாட்களில் கதைகளைவிடக் கடைசிப் பக்க விளம்பரங்களில்தான் நான் அதிக நேரம் கழித்தேன். என் நெறியாளர் அதற்காகத் திட்டியிருக்கிறார். லேகியம், கடிகாரம், கூந்தல் தைலம், புத்தகம். தபாலில் வந்த பத்திரிகைகளில் ஒன்று ஜகன்மோகினி. ஐந்தரை வயதில் கல்யாணம் ஆன, பள்ளிக்கூடம் போகாத வை.மு. கோதைநாயகி 1925இல் அதை ஏற்று நடத்தத் தொடங்கினார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். புத்தகக் கடைப் படி ஏறாத பெண்கள் அவரைப் படித்தார்கள். என் அம்மாவைப் பெற்ற பாட்டி, ஆண்கள் வயலுக்குப் போன நடுப்பகலில் தபால்காரரிடம் வி.பி. வாங்கி, புத்தகத்தை அரிசிப் பானைக்குள் வைத்துவிடுவாராம். அட்டையைக்கூடப் பார்த்திராத புத்தகம். பிடிக்குமா பிடிக்காதா என்று படித்த பிறகுதான் தெரியும். அது எழுத்தும் விலாசமும் இருந்த வீடுகளுக்கு மட்டும் வந்த தபால் என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டி வயலில் நாற்று நட்ட பெண்கள் பெயருக்கு எந்த வி.பி.யும் வந்ததில்லை.

சோஃபா வந்து இறங்கிய அன்று அம்மா கேட்டார்: "என்ன தோலு? மாட்டுத் தோலா?" இருக்கலாம் என்றேன். அம்மா அதில் உட்காரவில்லை. கீழே பாய் போட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு டிவி பார்த்தார். இன்றுவரை அப்படித்தான். இதில் இரண்டு சங்கதி இருக்கிறது. சோஃபா என்பது அரபுச் சொல்லிலிருந்து வந்தது. உயரமான மேடை என்று பொருள். நம் திண்ணை மாதிரி. எங்கள் ஊர்த் திண்ணையில் ஆண்கள் உட்கார்ந்தார்கள், பெண்கள் நிலைப்படிக்கு உள்ளே நின்றார்கள். அம்மா அப்பா எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் போய்ப் பதினாலு வருடம் ஆகியும் உடம்பு அதை மறக்கவில்லை. இன்னொன்று, செருப்பைத் தவிர வேறு தோல் பொருள் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை, செருப்பும் வாசலோடு சரி. முதல் சங்கதிக்காக அம்மாவைப் பார்த்து எனக்கு வருத்தம் வரும். இரண்டாவதற்காகக் கோபம் வரும். ஒரே உடம்பு, ஒரே பாய்.

ஐந்தாறு மாதம் கழித்து என் ஆய்வு மாணவி ஒருவர் இயல் ஒன்றைத் திருத்த வீட்டுக்கு வந்தார். பேரணாம்பட்டுப் பக்கத்துக்காரர். உட்கார்ந்தவர் கைப்பிடியை விரலால் தடவினார். பிறகு ஓரத்தில், லேசாக உரிந்திருந்த இடத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இது தோல் இல்ல. தோல் தூள்."

பதனிட்ட தோலை வெட்டும்போதும் இழைக்கும்போதும் மிஞ்சுகிற துண்டு துணுக்குகளை அரைத்து, பசை கலந்து தகடாக்கி, மேலே பாலியூரித்தேன் பூசி, தோலின் வரிகளை அச்சாக ஒற்றிவிடுவார்கள். தோல் மூச்சு விடும், பழகப் பழக மெருகேறும். இது நம் வெயிலில் சில வருடத்திலேயே செதில் செதிலாக உரியும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அசல் தோலென்றால் ஓரத்தில் இழைகள் தெரியும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பெரும்பாலும் மெதுவாக உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். சொட்டு விட்டோம். முத்து மாதிரி நின்றது.

அன்று ராத்திரி அந்த விற்பனைப் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். விவர அட்டவணையின் நான்காவது வரியில் 'பாண்டட் லெதர்' என்று தெளிவாகவே எழுதியிருந்தது. பாடல்களில் ஒரு இடைச்சொல்லுக்கு அரைமணி நேரம் பொருள் சொல்கிறவள் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். யாரை நோவது? திருப்பி அனுப்பும் கெடு பத்தே நாள், அதுவும் எப்போதோ முடிந்துவிட்டது. தயாரிப்பு நாடு இந்தியா என்றும் இருந்தது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் நாட்டின் பெயரைச் சொல்லச் சொல்கின்றன. அதற்குள் எந்த ஊர், யார் கை என்பதை எந்த விதியும் கேட்பதில்லை.

மாணவிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். தாத்தா தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. அம்மா ஷூ கம்பெனியில் தையல், பத்தொன்பது வருடம்.

பாலாற்றங்கரையில் ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. பிறகு குரோமியம் வந்தது. 1970களில் அரசு, அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியது. பொருளாகச் செய்து அனுப்பினால் வருமானம் அதிகம் என்பது கணக்கு. அதற்குப் பின்புதான் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. பெண்கள் கூட்டங்கூட்டமாக உள்ளே வந்தார்கள். விடியுமுன் கிராமங்களிலிருந்து வேன் ஏற்றிப் போகிறது. ஓரம் மடிப்பது, பசை தடவுவது, தைப்பது எல்லாம் அவர்கள். கம்பெனிக்குப் போக முடியாதவர்களுக்கு மேல்தோல் வீட்டுக்கே வரும், சோடிக் கணக்கில் கூலி. பெண் கை மென்மையானது, நுணுக்கமானது என்று காரணம் சொல்வார்கள். மலிவானது என்பதை அப்படியும் சொல்லலாம் போலிருக்கிறது.

அந்த ஆறு என்ன ஆயிற்று என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு. தோல் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை அது எடுத்துக்காட்டுகிறது. ஒவ்வொரு பதனிடும் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. குடிநீருக்காகப் பெண்களும் குழந்தைகளும் மைல் கணக்கில் நடக்க வேண்டியிருக்கிறது என்ற செய்தியும் அதில் ஒரு வரியாக வருகிறது. சட்டக் கல்லூரிகளில் 'மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும்' என்ற கோட்பாட்டுக்காக அந்தத் தீர்ப்பைப் பாடமாக வைக்கிறார்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் நினைவில் நிற்கிறது.

வரிகளைத் தாண்டிப் போவது எங்கள் துறைக்கும் பழக்கம். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதைப் பாராட்டிக் கருத்தரங்கம் நடத்தினோம். அதைவிடப் பழைய சான்று ஒன்று வகுப்பிலேயே இருக்கிறது. புறநானூற்றின் 82ஆம் பாடல், சாத்தந்தையார் பாடியது. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. மழை பெய்கிறது, பொழுது சாய்கிறது. கட்டிலுக்கு வார் பின்னுகிற ஒருவனின் ஊசி வேகவேகமாக ஓடுகிறது, ஏனென்றால் வீட்டில் அவன் மனைவிக்குப் பிரசவம். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் போர் வேகத்துக்கு இது உவமை. பரீட்சையில் 'உவமையை விளக்குக' என்று கேட்போம். வீரத்தை எழுதினால் முழு மதிப்பெண். அந்தக் கைவினைஞனைப் பாடல் இழிசினன் என்கிறது; அந்தச் சொல்லுக்கு உரை சொல்லிவிட்டு மேலே போவோம். பிரசவ வலியில் கிடக்கிற பெண் ஓரிரு சொல்லில் வந்து போகிறாள். அவளுக்கு என்ன ஆனது என்று இருபது வருடத்தில் நானும் கேட்டதில்லை, எந்த மாணவியும் கேட்டதில்லை. தோல் சாமான் செய்கிறவன் வீட்டுப் பெண் தமிழில் நுழைந்த இடங்களில் அது ஒன்று. அரசன் எவ்வளவு வேகமானவன் என்று காட்டுவதற்காக நுழைந்தாள்.

கடைக்காரரின் கண்ணிலிருந்து தப்பிக்கத்தான் திரையில் வாங்கினேன். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை, அடுத்த சாமானையும் அப்படித்தான் வாங்குவேன். ஆனால் என்னைக் காட்டாமல் விட்ட அதே திரை, தைத்தவளையும் காட்டாமல் விட்டது. இந்த இரண்டையும் ஒன்றாக யோசிக்க எனக்கு ஒரு உரிந்த கைப்பிடி தேவைப்பட்டது.

போன மாசி மாதம் மாணவிக்கு வாய்மொழித் தேர்வு. அவர் அம்மா முதல்நாளே வந்து எங்கள் வீட்டில் தங்கினார். சோஃபாவில் உட்காரச் சொன்னேன். கீழே பாயில் என் அம்மா இருந்தார். "பெரியம்மா கீழ உக்காந்திருக்கும்போது நான் எப்படிம்மா மேல உக்கார்றது" என்று அவரும் கீழே உட்கார்ந்தார். என் அம்மா பாயை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார். இருவரும் சாய்ந்துகொண்டு வெகுநேரம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள்.

பேச்சுக்கு நடுவே அவர் திரும்பி, சோஃபாவின் அடிப்பக்கத் தையல்மேல் கட்டைவிரலை வைத்து எண்ணினார். ஒரு விரற்கட்டைக்கு ஆறு.

"தையலு நல்லாகீதும்மா. நேரா ஓட்டிக்கீறாங்க. சரக்குதான் சரியில்ல."

பிறகு என்ன விலை என்று கேட்டார். பாதியைச் சொன்னேன்.