7ஏ பிரிவு காட்டும் வழி

தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பளித்தது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல, 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றமே திருத்தி எழுதவும் இயலாது என்பதில் ஐவருக்கும் ஒரே கருத்து. இந்த இணையரின் உறவை வேறொரு வடிவிலாவது அரசு ஏற்க வேண்டும் என்றார்கள் தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும். மற்ற மூவர் அதற்கும் உடன்படவில்லை. சட்டம் இயற்றுவது மக்கள் பிரதிநிதிகளின் வேலை என்று வழக்கு முடிந்தது. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. பிரதிநிதிகளின் வேலை என்று சொன்னதும் எல்லோர் பார்வையும் டெல்லிக்குப் போகிறது. சென்னைக்கும் அதில் பங்கு உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டின் திருமண வரலாறே சான்று.

1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னின்று நடத்திய சுயமரியாதைத் திருமணத்தில் புரோகிதரும் இல்லை, மந்திரமும் இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ இணையர் அந்த முறையில் மணந்துகொண்டார்கள். ஆனால் தெய்வானை ஆச்சி வழக்கில் 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த முறை செல்லாது என்றது. சாத்திரம் சொன்ன சடங்கும் நடக்கவில்லை, நெடுங்கால வழக்கம் என்றும் காட்ட முடியவில்லை. ஒரு கூட்டத்தார் தாமாகக் கூடிப் புதிய வழக்கத்தை உண்டாக்கிக்கொள்ள முடியாது என்பது அதன் வாதம். இரண்டு ஆண்டு கழித்து வந்த இந்து திருமணச் சட்டமும் வழக்கமான சடங்குகளையே கேட்டது. ஊரறிய மாலை மாற்றி வாழ்ந்த பெண்கள் மனைவிதானா, அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சொத்தில் பங்கு உண்டா என்ற கேள்விகள் எழுந்தன. 1967இல் அண்ணாவின் அரசு அந்தச் சட்டத்தில் 7ஏ என்ற ஒரு பிரிவைச் சேர்த்தது. உற்றார், நண்பர் அல்லது வேறு சிலர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். முன்பே நடந்த சுயமரியாதைத் திருமணங்களும், சில விலக்குகள் நீங்கலாக, நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றது அந்தப் பிரிவு. எனக்கு இதில் மிகப் பெரிதாகத் தெரிவது இந்தப் பின்னோக்கிய ஏற்புதான். காத்திருந்தவர்கள் இழந்ததைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

சுயமரியாதைத் திருமணமும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே நடந்ததுதானே, இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்பார்கள். 7ஏ பிரிவே கணவன், மனைவி என்றுதான் பேசுகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1953இல் அந்த இணையருக்குச் சொல்லப்பட்டதும் இதே போன்ற பதில்தான்: திருமணம் என்று சட்டம் அறிந்திருப்பது எதுவோ, அது இங்கே நடக்கவில்லை. சட்டம் அறிந்திருப்பதையே ஒரு சட்டமன்றம் மாற்றிக் காட்டியது என்பதுதான் இங்கே பொருந்துகிறது. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. வாரிசுரிமை, ஜீவனாம்சம், தத்து, திருமண வயது என்று பல சட்டங்கள் ஆண், பெண் என்ற பிரிவின்மேல் எழுந்தவை. ஒன்றைத் தொட்டால் மற்றவை குலையும். உச்ச நீதிமன்றம் தயங்கியதற்கு இது நேர்மையான காரணம் என்றே கருதுகிறேன். ஆனால் நீதிமன்றம் ஏன் செய்யவில்லை என்பதற்குத்தான் இது விடை. ஒவ்வொரு சட்டமாகத் திருத்தும் அதிகாரம் கையில் இருக்கிற சட்டமன்றத்துக்கு இது சாக்காகாது. திருமணமும் வாரிசுரிமையும் தத்தும் பொதுப்பட்டியலில் இருக்கின்றன. மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அது கிடைக்காமலும் போகலாம். 7ஏ அந்த ஒப்புதலைப் பெற்றே நடைமுறைக்கு வந்தது.

இதற்கிடையே நீதிமன்றங்கள் தம்மால் இயன்றதைச் செய்கின்றன. தூத்துக்குடிக் கோயிலில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த திருமணத்தைப் பதிய மறுத்தது செல்லாது என்று 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 2025 மே மாதம், பெற்றோர் பிடித்துவைத்திருந்த ஓர் இளம்பெண்ணை அவர் விரும்பியபடி போகவிட்ட உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றது. அந்தப் பெண் இன்று தான் விரும்பும் பெண் துணையோடு வாழலாம். ஆனால் இருவரில் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், மற்றவரை வாரிசாக ஏற்கும் சட்டம் எதுவும் இல்லை.