மணமாகும் வரை

சென்ற ஆண்டு முதுகலை இறுதியாண்டு மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் தயங்கி நின்றாள். பெற்றோர் பிரிந்து பல வருடங்கள். நீதிமன்றம் சொன்ன தொகையை அப்பா மாதாமாதம் அனுப்பியிருக்கிறார். அவளுக்கு 18 முடிந்ததும் பணம் நின்றுவிட்டது. அம்மா தையல் மெஷினை மிதித்தே இரண்டு பட்டங்களுக்கும் கட்டணம் கட்டினார். இனி பி.எட். படிக்க வேண்டும். "மேஜர் ஆயிட்டா அப்பாவுக்கு நான் பொண்ணு இல்லையா மேடம்?" என்று கேட்டாள்.

நம் வீடுகளில் பெண் வயசுக்கு வருவது வேறு; சட்டத்தில் வயது வருவது வேறு. முதலாவது நடந்த நாளில் அவளுக்குக் காவல் கூடுகிறது. இரண்டாவது நடந்த நாளில் ஜீவனாம்சம் நிற்கிறது. அவள் கேள்விக்கு விடை தேடி நான் பழைய சட்டங்களைப் படிக்கத் தொடங்கினேன்.

ஜீவனாம்சத்தின் வரலாறு கருணையின் வரலாறு அல்ல. 1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே மனைவியும் பிள்ளைகளும் பராமரிப்புத் தொகை கேட்க வழி இருந்தது. கைவிடப்பட்டவர்கள் தெருவில் அலையக்கூடாது என்பதே அந்த ஏற்பாட்டின் பின்னிருந்த கவலை. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 488ஆம் பிரிவு, தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத பிள்ளை என்று மட்டும் சொன்னது, வயதைக் குறிக்கவில்லை. 1973இல் அது 125ஆம் பிரிவாக மாறியபோது 'மைனர்' என்ற சொல் உள்ளே வந்தது. 18 கடந்த பிள்ளை, உடல் அல்லது மனக் குறைபாட்டாலோ காயத்தாலோ பிழைக்க முடியாமல் போனால்தான் கேட்கலாம் என்றானது. கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பது அந்தக் காரணங்களில் ஒன்றல்ல.

இன்னொரு கதவு 1956இல் திறந்தது. இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, மணமாகாத மகள் தன் வருமானத்தாலோ சொத்தாலோ வாழ முடியாதவரை பெற்றோர் அவளைப் பராமரிக்க வேண்டும். வயது வரம்பு இல்லை. ஜீவனாம்சம் என்றால் உணவு, உடை, உறைவிடம், கல்வி, மருத்துவம் என்று அதே சட்டம் விளக்குகிறது. மணமாகாத மகளுக்கு மட்டும் இன்னொன்றைச் சேர்க்கிறது: திருமணச் செலவு. அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சட்டத்தின் மனம் புரிந்தது. அது மகளைப் படித்து வேலைக்குப் போகிறவளாகப் பார்க்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கைமாறுகிறவளாகப் பார்க்கிறது. இடைப்பட்ட காலத்துக்குத்தான் இந்தச் சோறு. 1997இல் உச்ச நீதிமன்றம் முஸ்லிம் தந்தையின் கடமையைச் சொன்னபோதும் மகனுக்கு மேஜராகும் வரை, மகளுக்குத் திருமணம் வரை என்றே பிரித்தது.

2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு கதவுகளையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. உடல்நலமுள்ள மேஜர் மகள் அன்றிருந்த 125ஆம் பிரிவில் கேட்க முடியாது என்றது. 20ஆம் பிரிவின் கீழ் தனியாக வழக்குப் போடலாம். உரிமை இருக்கிறது, ஆனால் சுருக்கு வழி இல்லை. கல்விக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி உண்டு. சிவில் வழக்குக்கு அப்படி ஒன்று கிடையாது.

மகனுக்கு அந்த இரண்டாவது கதவும் இல்லை. 2021இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், கீழ் நீதிமன்றம் மகனுக்கு 18 வயது வரையும், மகளுக்கு வேலையோ திருமணமோ அமையும் வரையும் தொகை விதித்திருந்தது. 18 வயதில் பையன் பள்ளிப் படிப்பைத்தான் முடித்திருப்பான், அதற்குமேல் ஆகும் செலவு முழுவதையும் தாய் தலையில் கட்ட முடியாது என்று உயர் நீதிமன்றம் கருதியது. மகன் பட்டம் பெறும் வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும் வரை தாய்க்கு மாதம் 15,000 ரூபாய் தரச் சொன்னது. எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்: பணம் மகன் பெயரில் அல்ல, தாய் பெயரில் வந்தது. 18க்குப் பிறகு பிள்ளைகளின் செலவு மறைவதில்லை, அவள் மடிக்கு மாறுகிறது என்பதை ஒரு நீதிமன்றம் எழுத்தில் ஒப்புக்கொண்டது.

மறுபக்கத்தையும் பாருங்கள். பெற்றோரைப் பராமரிக்கும் கடமை திருமணமான மகளுக்கும் உண்டு என்று 1987இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொடுக்கும்போது திருமணம் தடையில்லை. பெறும்போது மட்டும் தடை.

இதையெல்லாம் அந்த மாணவிக்குச் சொல்லி, இலவச சட்ட உதவி மையத்துக்கு அனுப்பினேன். கிளம்பும்போது திரும்பி, "கேஸ் முடியறதுக்குள்ள எனக்குக் கல்யாணம் ஆயிட்டா?" என்றாள். அதோடு உன் உரிமையும் முடிந்துவிடும் என்றேன். சிரித்தாள். சொந்தக்காரர்கள் வரன் கொண்டுவந்துகொண்டிருக்கிறார்களாம். தம்பி பிளஸ் டூ படிக்கிறான். அடுத்த வருடம் அவனுக்கும் 18.

மணமானவளா, மைனரா என்று கேட்பதை விட்டுவிட்டு, சொந்தக் காலில் நிற்கும் வரை யார் செலவழிப்பது என்று சட்டம் கேட்க வேண்டும். இன்றைக்கு அதற்கு இருக்கும் விடை, இரவு பதினோரு மணிக்கும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தத் தையல் மெஷின்தான்.