சிதிலம் என்று எழுதிய கை

சுவடி நூலகத்தில் பல ஆண்டுகள் என் வேலை, வந்துசேரும் ஏடுகளைத் துடைத்துப் பட்டியலிடுவது. ஏட்டின் நிலையைக் குறிக்கத் தனிக் கட்டம் உண்டு. பூச்சி துளைத்திருந்தால் 'செல்லரித்தது', ஓரம் போயிருந்தால் 'முறிந்தது' என்று எழுதுவோம். அவற்றை எப்படியும் படித்துவிடலாம். கயிற்றை அவிழ்த்த உடனே ஓலை பொடிப்பொடியாக உதிர்ந்தால் 'சிதிலம்'. அதை எழுதும்போதெல்லாம் என் மனம் பதறும்.

ஓலை இற்றுப்போவது இயற்கைதான். ஈர்க்கு நீக்கி, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, மெருகிட்டுப் பதப்படுத்திய பனையோலையும் நம் வெயிலிலும் ஈரத்திலும் 200, 300 ஆண்டுகள் தாங்கினால் பெரிது. இது முன்னோருக்குத் தெரியும். ஆகவே ஏடு தளர்வதற்குள் ஒருவர் படிக்க இன்னொருவர் எழுத்தாணி பிடித்துப் புதிய படி எடுத்தார்கள். அதன்பின் பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றிலோ ஓமத்தீயிலோ சேர்த்தார்கள். நூல் பிழைத்தது, ஓலைக்கும் மரியாதை நடந்தது.

19ஆம் நூற்றாண்டில் இந்த வழக்கம் பாதியில் அறுந்தது. 1835க்குப் பிறகு இந்தியர் தாராளமாக அச்சகம் நடத்த முடிந்தது. பள்ளிகளில் காகிதம் புகுந்தது. எழுத்தாணி பிடிக்கும் கைகள் குறைந்தன. பாடமாக இல்லாத பழைய நூல்களை அச்சிடவோ படியெடுக்கவோ ஆளில்லை. ஆனால் ஆற்றிலும் தீயிலும் சேர்க்கும் பழக்கம் மட்டும் தொடர்ந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயிலிட்ட செய்தியைக் கேட்டுத் துடித்ததை உ.வே. சாமிநாதையர் பதிவுசெய்திருக்கிறார். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் தொட்டாலே நொறுங்கும் ஏடுகளோடு போராடியவர்தான்.

அந்த இடைவெளியில் எத்தனை நூல்கள் போயினவோ! இந்தப் பதிப்பாசிரியர்கள் அரும்பாடுபட்டு மீட்டவற்றிலும் தழும்புகள் உண்டு. 1894இல் வெளிவந்த புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை; பல பாடல்களில் அடிகள் சிதைந்து, புள்ளிகளே நிற்கின்றன. 1904இல் வந்த பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. நூறு பாடல்களில் இருபது போயின. அவை எந்தச் சேரனைப் பாடின என்பதைக்கூட நம்மால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

செல்லையும் ஈரத்தையும் மட்டும் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. படியெடுப்பதை நாம் நிறுத்தியதே பெரிய காரணம்.

இன்றும் சில வீடுகளின் பரண்களில், பெட்டிகளில், பூசை அறைகளில் வைத்தியமும் சோதிடமும் கணக்கும் எழுதிய கட்டுகள் கிடக்கின்றன. அவற்றை ஆற்றில் விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். நீங்களாகக் கயிற்றை அவிழ்க்கவும் வேண்டாம். சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ, தஞ்சை சரசுவதி மகாலுக்கோ, அருகிலுள்ள சுவடி நூலகத்துக்கோ தகவல் சொல்லுங்கள். ஒளிப்படமாகப் படியெடுக்கும் வசதி இப்போது இருக்கிறது. ஏடு சிதிலமாகும் முன்பே அதைச் செய்துவிடுவோம்.